குட்டி லேப்டாப் வாங்கலாமா?

(அச்சன்புதூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

வயல் வேலையையும் கடையையும் பீடித் தட்டையும் ஒரு மாலைப் பொழுதுக்கு ஒதுக்கிவைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். நான் பேசப்போகும் பொருள் இலக்கியமும் இல்லை, அரசியலும் இல்லை. கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கியிருக்கிற ஒரு சின்னச் சாமான். பதினைந்தாயிரம், பதினாறாயிரம் ரூபாய்க்கு, பதினொன்றரை அங்குலத் திரையோடு, ஒரு கிலோ எடையோடு ஒரு குட்டி லேப்டாப் கிடைக்கிறதே, அதை வாங்கலாமா, கூடாதா? இதுதான் இன்றைய தலைப்பு. இதற்கு ஒரு கூட்டமா என்று கேட்பீர்கள். அச்சன்புதூரிலும் வடகரையிலும் இலத்தூரிலும் பிள்ளை பிளஸ் டூ முடித்த வீட்டில் மே, ஜூன் மாதங்களில் என்ன பேச்சு நடக்கிறது? எந்தக் கல்லூரி, எவ்வளவு ஃபீஸ், எந்த லேப்டாப். முதல் இரண்டுக்கும் நாலு பேரிடம் விசாரிக்கிறோம். மூன்றாவதை மட்டும் விலைச்சீட்டைப் பார்த்து முடித்துவிடுகிறோம். அந்த விலைச்சீட்டோடு வழக்காடத்தான் நான் வந்திருக்கிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு கணினிக்குக் கொடுக்கிற பணத்தை, அது ஒழுங்காக உழைக்கும் ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். வருகிற தொகைதான் அதன் விலை. அந்தக் கணக்கில் இந்தக் குட்டி லேப்டாப்களில் பெரும்பாலானவை விலை கூடியவை.

இந்தச் சாமான் எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம். வந்த வழியிலேயே பாதி விடை இருக்கிறது. 2005ஆம் ஆண்டு அமெரிக்காவின் எம்ஐடியைச் சேர்ந்த நிக்கோலஸ் நெக்ரோபான்டே ஒரு கனவை உலகத்தின் முன் வைத்தார். நூறு டாலருக்கு ஒரு லேப்டாப், உலகத்தின் ஒவ்வோர் ஏழைக் குழந்தைக்கும் ஒன்று. கனவு பெரியது, விலை நூறு டாலரில் நிற்கவில்லை. 2007இல் உற்பத்திக்கு வந்தபோது கிட்டத்தட்ட இருநூறை எட்டியிருந்தது. இந்திய அரசு அந்தத் திட்டத்தில் சேரவில்லை. ஆனால் அந்தக் கனவு வணிகர்களின் கண்ணைத் திறந்துவிட்டது. மலிவாக, சின்னதாக ஒன்று செய்தால் விற்குமே! 2007இன் கடைசியில் தைவானின் ஆசுஸ் நிறுவனம் ஈ பிசி என்ற பெயரில் ஒன்றைக் கொண்டுவந்தது. ஏழு அங்குலத் திரை, 512 எம்பி ரேம், 4 ஜிபி சேமிப்பு, ஒரு கிலோவுக்கும் குறைந்த எடை. மற்ற நிறுவனங்களும் ஓடிவந்தன. 2008இல் இன்டெல், ஆட்டம் என்ற சிறிய சில்லை விற்பனைக்கு விட்டது. நெட்புக் என்ற பெயர் கடைகளில் நிலைத்தது. எவ்வளவு காலத்துக்கு? 2010இல் ஐபேட் வந்தது. 2013க்குள் ஆசுஸே ஈ பிசி வரிசையை மூடிவிட்டது. ஆறு வருடம் கூட முழுசாக ஓடவில்லை.

ஏன் ஓடவில்லை? ஐபேட் வந்ததால் என்று சொல்வது எளிது. அதில் உண்மையும் உண்டு. ஆனால் நெட்புக்கின் உள்ளேயே ஒரு பூட்டு இருந்தது, அதைப் பலர் கவனிப்பதில்லை. விண்டோஸ் எக்ஸ்பியை இந்தச் சின்னக் கணினிகளுக்கு மலிவாகக் கொடுத்த மைக்ரோசாஃப்ட், சில நிபந்தனைகளையும் போட்டது. திரை இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது, ரேம் 1 ஜிபிக்கு மேல் போகக் கூடாது என்பது போன்றவை. அடுத்து வந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் பதிப்பில் 2 ஜிபிக்கு மேல் ரேம் போட்டாலும் அது எடுத்துக்கொள்ளாது. திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற முடியாது! ஒரு கணினியை வாங்கியவன் அதில் தன் பிள்ளையின் படத்தை வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஒரு பதிப்பு. சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்குள் ஒரு வியாபாரத் திட்டம் இருக்கிறது. மலிவானது நன்றாகவும் இருந்துவிட்டால் விலை கூடியதை யார் வாங்குவார்? ஆகவே மலிவானதன் கையைக் கட்டித்தான் கடைக்கு அனுப்பினார்கள். விலைச்சீட்டைப் படிக்கும்போது நாம் படிக்காமல் விடுவது இந்தக் கட்டைத்தான்.

இப்போது நம் ஊர்ப்பக்கம் வருவோம். இதே கேள்வியை, மலிவான சின்னக் கருவி வாங்குவதா, கொஞ்சம் கூடக் கொடுத்து முழு லேப்டாப் வாங்குவதா என்ற இதே கேள்வியை, 2011ஆம் ஆண்டு இரண்டு அரசுகள் தங்களுக்குள் கேட்டுக்கொண்டன. இரண்டும் இரண்டு விடை கண்டன. மூன்றே வார இடைவெளி! 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 2011 அக்டோபர் 5. டெல்லியில் அன்றைய மத்திய அமைச்சர் கபில் சிபல், ஆகாஷ் என்ற கைக்கணினியை வெளியிட்டார். உலகத்திலேயே மலிவான கைக்கணினி என்று அதற்குப் பெயர். அரசு அதை வாங்கிய விலை 2,276 ரூபாய். தமிழ்நாட்டுத் திட்டமோ, ஐந்தாண்டுகளில் 68 லட்சம் மாணவர்களுக்கு 10,200 கோடி ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. வகுத்துப் பாருங்கள், ஒன்றுக்குப் பதினைந்தாயிரம். ஒரு தமிழ்நாட்டு லேப்டாப்பின் காசுக்கு ஆறு ஆகாஷ் வாங்கலாம். விலைச்சீட்டைப் பார்ப்பவர் எதை எடுப்பார்? சந்தேகம் என்ன, ஆகாஷைத்தான் எடுப்பார்.

என்ன ஆயிற்று? ஆகாஷின் உள்ளே இருந்தது 366 மெகாஹெர்ட்ஸ் சில்லு, 256 எம்பி ரேம், விரலால் தடவினால் போதாமல் அழுத்த வேண்டிய திரை. வெளிவந்த சில மாதங்களிலேயே அதன் குறைகள் ஊர்ப்பேச்சாகிவிட்டன. 2012 நவம்பரில் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி கையால் ஆகாஷ் 2 வந்தது. அது முதலாவதைவிட நல்ல கருவி, மறுக்கவில்லை. ஆனால் முதல் கருவி கெடுத்த பெயரை அதனால் மீட்க முடியவில்லை. இன்று ஆகாஷ் எங்கே? மறுபக்கம், தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுத்த லேப்டாப் எப்படிப்பட்டது? பதினான்கு அங்குலத் திரை, 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க். விண்டோஸும் இருந்தது, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அன்றைய அளவிலும் அது பெரிய கணினி கிடையாது. ஆனால் பின்மூடியின் திருகைக் கழற்றினால் ரேமை மாற்றலாம், டிஸ்க்கை மாற்றலாம், பேட்டரியை மாற்றலாம். தென்காசிக் கடையில் ஒரு பையன் அரைமணி நேரத்தில் செய்து கொடுக்கிற வேலை அது. அதனால் அந்த லேப்டாப்கள் அக்காவுக்குப் பின் தம்பிக்கு, தம்பிக்குப் பின் வீட்டுக் கணக்குக்கு என்று கைமாறி உழைக்க முடிந்தது. சிலர் வாங்கிய கையோடு விற்றுவிட்டார்களே என்றால், விற்றார்கள்தான். விற்க முடிந்ததே அதற்கு மதிப்பு இருந்ததால்தானே! ஐம்பது லட்சத்துக்கு மேல் கொடுக்கப்பட்ட அந்தத் திட்டத்தில் அரசியல் உண்டு, அதைப் பேசுகிறவர்கள் பேசட்டும். பொருளைத் தேர்ந்தெடுத்த விதத்தில் மட்டும் எனக்குப் பழுது தெரியவில்லை.

சரி, அது பழைய கதை, இப்போது சின்னக் கணினிகள் முன்னேறிவிட்டனவே என்று ஒருவர் எழுந்து கேட்கலாம். முன்னேறித்தான் இருக்கின்றன. அங்கேதான் என் வாதத்தின் நடுப்பகுதி வருகிறது, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். 2014இல் நெட்புக் வேறு பெயரில் மறுபிறவி எடுத்தது. எச்பி ஸ்ட்ரீம் வந்தது, ஆசுஸ் ஈபுக் வந்தது. பார்க்க அழகு, எடை குறைவு, பேட்டரி நிற்கும். உள்ளே 2 ஜிபி ரேம், 32 ஜிபி சேமிப்பு. இரண்டும் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டவை. மாற்ற முடியாது, கூட்ட முடியாது. வாங்கிய அடுத்த ஆண்டு விண்டோஸ் 10 வந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெரிய புதுப்பிப்பு. அந்தப் புதுப்பிப்பை இறக்கி வைக்க 32 ஜிபியில் இடமே இல்லை! 2019இல் மைக்ரோசாஃப்ட், புதுப்பிப்புக்கென்றே சுமார் 7 ஜிபியைத் தனியே ஒதுக்கிவைக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. 32 ஜிபியில் 7 ஜிபி போனால் மிச்சம் யாருக்கு? பிறகு விண்டோஸ் 11 வந்தது. அது குறைந்தது 4 ஜிபி ரேமும் 64 ஜிபி சேமிப்பும் கேட்டது. அதோடு அந்தக் கணினிகளின் கதை முடிந்தது. அவை பழுதாகவில்லை, கவனியுங்கள். திரை எரிகிறது, கீபோர்டு வேலை செய்கிறது, பேட்டரி சார்ஜ் ஏறுகிறது. ஆனாலும் உதவாது. மேல்மாடிக்குக் கம்பி விடாமல் கட்டிய வீடு மாதிரி. குடும்பம் பெருகினாலும் அதற்கு மேல் ஒரு செங்கல் ஏற்ற முடியாது.

ஆகவே குற்றம் எதில்? சின்னதாக இருப்பதிலா? கிடையாது. மெதுவாக இருப்பதிலா? அதுவும் கிடையாது. மெதுவான கணினியில் எத்தனையோ நல்ல வேலைகள் நடந்திருக்கின்றன. மூடி முத்திரையிட்டதில்தான் குற்றம். வாங்குகிற அன்றைக்குத் தேவையான அளவை மட்டும் வைத்து, அதற்கு மேல் ஒரு படி கூட ஏற முடியாதபடி அடைத்ததில்தான் குற்றம். 2023இல் ஜியோபுக் என்ற குட்டி லேப்டாப் வந்தது நினைவிருக்கும். 16,499 ரூபாய், 11.6 அங்குலத் திரை, 990 கிராம், உள்ளேயே சிம் போட்டு 4ஜி. நல்ல யோசனைகள் எல்லாம் அதில் இருந்தன. ஆனால் 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு, ஆண்ட்ராய்டை ஒட்டிய அதன் சொந்த இயங்குதளம். விண்டோஸில் மட்டுமே ஓடுகிற எதையும் அதில் ஓட்ட முடியாது. பி.காம் படிக்கிற பெண்ணுக்குக் கணக்கெழுத டேலி வேண்டும், டேலிக்கு விண்டோஸ் வேண்டும். பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கிற பையனுக்கு வரைபடம் போட ஆட்டோகேட் வேண்டும். மாத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் வந்த பிறகு நம் வட்டாரத்தில் மென்பொருள் வேலையை நினைக்காத வீடு எது? பைத்தான், சி இவற்றைக் கற்கச் சின்னக் கணினியே போதும், அதைத் தாராளமாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செல்போனுக்குச் செயலி எழுதப் பழக ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவைத் திறந்தால், அது குறைந்தபட்சமே 8 ஜிபி ரேம் கேட்கும். முதலாம் ஆண்டுக்குப் போதுகிற கணினி, மூன்றாம் ஆண்டில் பிள்ளையின் கையைக் கட்டிப்போட்டால் அது யாருக்கு மலிவு?

இப்போது அந்த வகுத்தல் கணக்கைப் போடுவோம். இது கற்பனைக் கணக்குதான், உங்கள் கடை விலையை வைத்து நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். பதினாறாயிரத்துக்கு ஒரு குட்டி லேப்டாப். இரண்டு ஆண்டு நன்றாக ஓடி, மூன்றாம் ஆண்டு முனகுகிறது என்று வைப்போம். ஆண்டுக்கு எட்டாயிரம். இருபத்திரண்டாயிரத்துக்கு, கம்பெனிகள் பயன்படுத்திவிட்டு விற்ற ஒரு முழு லேப்டாப். நடுவில் பேட்டரிக்கு மூவாயிரம். ஐந்து ஆண்டு ஓடுகிறது. ஆண்டுக்கு ஐயாயிரம். எது மலிவு? கடைக்காரர் முன்னால் ஆறாயிரம் மிச்சம் பிடித்தோம் என்று வீட்டுக்கு வந்தோம். வீட்டில் வைத்து ஆண்டுக்கு மூவாயிரம் இழக்கிறோம்.

"ஐயா, ஆண்டுக் கணக்கெல்லாம் கையில் காசு இருக்கிறவனுக்கு. என் கையில் பதினைந்துதான் இருக்கிறது, நான் என்ன செய்ய?" இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். இன்று எழப்போகிற மறுப்புகளில் இதுதான் மிகவும் நேர்மையானது. பீடி சுற்றியும், நெல் அறுப்புக்குப் போயும், சுய உதவிக் குழுவில் கடன் எடுத்தும் சேர்க்கிற பணத்துக்கு ஆண்டுக் கணக்கு ஆடம்பரமாகத் தெரியும். ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். பணம் குறைவாக இருக்கிறவர் ஒரே பொருளை இரண்டு முறை வாங்கலாமா? வசதி உள்ளவர் தவறான லேப்டாப் வாங்கினால் அதை ஓரமாக வைத்துவிட்டு வேறு வாங்குவார். மற்றவருக்கு அந்தத் தவறு பிள்ளையின் மூன்று ஆண்டுப் படிப்பு. ஆகவே இந்தக் கணக்கு அவருக்குத்தான் முதலில் வேண்டும். அவருக்கு இன்னொரு வழியும் உண்டு. 2025 மார்ச் மாத பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசு, இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி கொடுக்கும் திட்டத்தை அறிவித்தது. அதற்கு எல்காட் கேட்ட அளவு என்ன? 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, 14 அல்லது 15.6 அங்குலத் திரை. பதினான்கு ஆண்டு இடைவெளியில் இரண்டாவது முறையாகவும் குட்டிக் கணினியை அரசு தேர்ந்தெடுக்கவில்லை. ஆட்சி மாறியிருக்கிறது, கணக்கு மாறவில்லை! அரசுக் கல்லூரியில் சேரப்போகும் பிள்ளை உள்ள வீட்டார், கடைக்குப் போவதற்கு முன் கல்லூரி அலுவலகத்தில் இதை விசாரியுங்கள். அங்கே கிடைக்கக்கூடிய கணினியைவிடப் பாதித் திறனுள்ள ஒன்றுக்குக் கடன் வாங்குவானேன்?

அடுத்த மறுப்பு: "இப்போது எல்லாம் இன்டர்நெட்டில்தானே இருக்கிறது, பிரவுசர் திறந்தால் போதாதா?" நெட்புக் என்று பெயர் வைத்தவர்களும் 2008இல் இதையேதான் சொன்னார்கள். அன்றைய இணையப் பக்கத்தையும் இன்றைய இணையப் பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இன்றைக்கு ஒரு கணினியில் அதிக ரேமைத் தின்பதே பிரவுசர்தான். ஒரு வீடியோ வகுப்பு, பக்கத்தில் ஒரு பிடிஎஃப், இன்னொரு பக்கத்தில் வாட்ஸ்அப் வெப், 4 ஜிபி அத்தோடு திணறிவிடும். தவிர, எல்லாவற்றையும் இணையத்தில் வைத்துக்கொள்ளலாம் என்பவர்கள் மேக்கரைப் பக்கம், பண்பொழிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஒரு மழை நாளில் வந்து சிக்னல் பிடித்துப் பார்க்கட்டும்.

"லினக்ஸ் போட்டால் பழைய நெட்புக்கும் ஓடுமே" என்கிறார்கள் விவரம் தெரிந்த தம்பிகள். ஓடும். நன்றாகவே ஓடும். லுபுண்டு போன்ற எடை குறைந்த லினக்ஸைப் போட்டு, லிப்ரே ஆபீஸில் எழுதிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. வீட்டில் ஏற்கெனவே ஒரு பழைய சின்ன லேப்டாப் கிடந்தால் இதைச் செய்யுங்கள், செலவே கிடையாது. ஆனால் நம் கேள்வி, இருப்பதை என்ன செய்வது என்பதைப் பற்றியது இல்லையே? புதிதாகக் காசு கொடுத்து வாங்குவதைப் பற்றியது. முன்னே சொன்ன டேலிக்கும் ஆட்டோகேடுக்கும் இந்த விடை பொருந்தாது.

இன்னொரு குரல் உண்டு. "ஏதோ ஒரு கணினி கையில் இருந்தால் பிள்ளை படித்துக்கொள்வான்." அப்படியா? பெரு நாட்டில் நெக்ரோபான்டேயின் அந்த மலிவு லேப்டாப்களைக் கிராமப் பள்ளிகளுக்கு லட்சக்கணக்கில் கொடுத்தார்கள். அமெரிக்க நாடுகளின் வளர்ச்சி வங்கி 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஆய்வு செய்து 2012இல் முடிவை வெளியிட்டது. கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் கூடியதற்கு அடையாளம் இல்லை. கருவி கையில் இருப்பது வேறு, அதில் செய்வதற்கு வேலை இருப்பது வேறு. என்ன வேலைக்கு என்று தெரியாமல் வாங்கப்படுகிற கணினி, கடைசியில் சினிமா பார்க்கிற பெட்டியாகத்தான் முடியும். அதற்குச் செல்போனே இருக்கிறதே!

நான் ஒருதலையாகப் பேசிக்கொண்டே போவதாக நினைக்க வேண்டாம். குட்டி லேப்டாப்பின் பக்கம் மூன்று நியாயங்கள் இருக்கின்றன, மூன்றும் நம் ஊருக்கு மிகவும் பொருந்துகிறவை. முதலாவது எடை. காலை நேரத்து டவுன் பஸ்ஸில், ஒரு கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தோளில் புத்தகப் பையோடு தென்காசிக்கோ குற்றாலம் பராசக்தி கல்லூரிக்கோ நின்றபடி போகிற பெண்ணுக்கு ஒரு கிலோவுக்கும் இரண்டு கிலோவுக்கும் உள்ள வேறுபாடு தோள்வலி. இரண்டாவது மின்சாரம். 2012ஆம் ஆண்டு மின்வெட்டு இந்த அவையில் யாருக்கும் மறந்திருக்காது. நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லாத காலம் அது. அப்போது ஆறு மணி நேரத்துக்கு மேல் தாங்கிய நெட்புக் ஒரு வரம். இன்று நிலைமை அப்படி இல்லை. மூன்றாவது காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனி ஆடியில் வீசுகிற காற்றும் அதில் பறக்கிற புழுதியும் பெரிய லேப்டாப்பின் விசிறிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சின்னக் கணினிகள் பலவற்றில் விசிறியே கிடையாது. புழுதி உள்ளே போகிற வழி குறைவு. இதைப் பெரிய நகரத்து விமர்சகர்கள் எழுதுவதில்லை. நமக்கு இது முக்கியம்.

ஆனால் எதிர்ப்பக்கத்தில் தமிழும் இருக்கிறது. நம் எழுத்து அகலமானது, நம் சொல் நீளமானது. ஆங்கிலத்தில் ஒரு வரியில் பன்னிரண்டு சொல் நிற்கிற இடத்தில் தமிழில் ஆறு ஏழுதான் நிற்கும். சின்னத் திரையில் எழுத்தைப் படிக்கிற அளவுக்குப் பெரிதாக்கினால் ஒரு பத்தி முழுதாகத் தெரியாது. பத்தி தெரியும்படி சுருக்கினால் சுழியும் புள்ளியும் கண்ணுக்குப் பிடிபடாது. தமிழில் கட்டுரை எழுதுகிறவர், தமிழ் இலக்கியம் படித்து ஆய்வேடு தட்டச்சு செய்கிறவர், பஞ்சாயத்துக் கடிதம் அடிக்கிறவர் பதினான்கு அங்குலத்துக்குக் குறைவாக வாங்குமுன் கடையிலேயே ஒரு பக்கம் தமிழில் அடித்துப் பாருங்கள். கடைக்காரர் காட்டுகிற ஆங்கிலப் பக்கத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

அப்படியானால் குட்டி லேப்டாப்பை யார்தான் வாங்கலாம்? வீட்டிலோ கடையிலோ ஏற்கெனவே ஒரு முழுக் கணினி இருக்கிறவர், வெளியே போகும்போது குறிப்பெடுக்க இன்னொன்று வேண்டுமென்றால் வாங்கலாம். எழுத்து ஒன்றே தொழிலாக உள்ளவர், செய்தியாளர், வாசிப்புக்கும் மின்னஞ்சலுக்கும் மட்டும் கணினி தேவைப்படுகிற ஓய்வு பெற்ற ஆசிரியர் வாங்கலாம். இரண்டாவது கணினியாக அது அருமையான பொருள். ஒரு வீட்டின் ஒரே கணினியாக அது போதாது. நெட்புக்கைப் பலர் வேறொரு கணினிக்குத் துணையாகத்தான் வாங்கினார்கள். ஒரே கணினியாக வாங்கியது நம்மைப் போன்ற வீடுகள்தான்.

பழைய லேப்டாப்பை வாங்கச் சொல்கிறேனே, அதில் ஏமாற்று இல்லையா? உண்டு. அதனால் சில கேள்விகளோடு போங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட வேண்டுமானால் இன்டெல் சில்லு எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்க வேண்டும். ஆகவே முதல் கேள்வி, எத்தனையாவது தலைமுறை? ஐ5 என்று மட்டும் சொல்லி ஆறாம் தலைமுறையைத் தலையில் கட்டுவார்கள், ஏமாறாதீர்கள். ரேம் எவ்வளவு, கூட்ட இன்னொரு இடம் இருக்கிறதா? உள்ளே இருப்பது எஸ்எஸ்டியா, பழைய ஹார்டு டிஸ்க்கா? பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது? இதைக் கேட்காதீர்கள், சார்ஜரைக் கழற்றி வைத்துவிட்டுக் கடையிலேயே அரைமணி நேரம் பாருங்கள். துபாயிலிருந்தும் சவூதியிலிருந்தும் மச்சானோ சித்தப்பாவோ கொண்டுவருகிற லேப்டாப்புக்கும் இதே விதிதான். அதோடு ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள்: கீபோர்டில் அரபி எழுத்து இருப்பது பெரிய குறை இல்லை, ஆனால் வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்பதை அவர் அங்கே பணம் கட்டுவதற்கு முன்பே கேட்கச் சொல்லுங்கள். பழுதானால் திருப்பி அனுப்பப் பஸ் கிடையாது. தென்காசியில் பார்க்க முடியாத பழுதுக்குத் திருநெல்வேலி வரை அலைய வேண்டியிருக்கும்.

என் தீர்ப்பைச் சொல்லி அமர்கிறேன். 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு, திறக்க முடியாத பின்மூடி. இந்த மூன்றும் சேர்ந்த குட்டி லேப்டாப்பை, பத்தாயிரத்துக்குக் கொடுத்தாலும், படிக்கிற பிள்ளையின் ஒரே கணினியாக வாங்காதீர்கள். சின்னதாகவே வேண்டும் என்றால் 8 ஜிபி ரேமும், மாற்றக்கூடிய எஸ்எஸ்டியும், விண்டோஸ் 11உம் உள்ள ஒன்று பதினொன்றரை அங்குலத்திலும் கிடைத்தால் வாங்குங்கள், எனக்கு மறுப்பில்லை. கடையில் விலையைக் கேட்பதற்கு முன்னால் பின்மூடியைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள், ரேம் கூட்ட முடியுமா என்று கேளுங்கள், அந்த விடையைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்குகிற கடையில் வாங்க வேண்டாம்.